டிஷ்ஷை நிறுத்திவிட்டு ஸ்டிக் போடலாமா? மலையகத்து வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

மாதா மாதம் டிஷ்ஷுக்கு ரீலோட் போடுவதை நிறுத்திவிட்டு, டீவியின் பின்னால் ஒரு ஸ்டிக்கைச் செருகி இணையத்திலேயே எல்லாவற்றையும் பார்க்கலாமா என்று மலையகத்தில் நிறையப் பேர் இப்போது கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெட்டியில் நூறு சேனல் வந்தாலும் வீட்டில் பார்ப்பது ஐந்தோ ஆறோதான். பிள்ளைகள் டீவிப் பக்கமே வருவதில்லை, கைபேசியில் யூடியூபோடு சரி. கொழும்பில் வேலை செய்யும் மகன் லீவுக்கு வரும்போது, "இதுக்கு ஏம்ப்பா காசு கட்டுறீங்க, ஒரு ஸ்டிக் வாங்கிப் போட்டா முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

அவன் தங்கியிருக்கும் அறைக்கு அது சரிதான். அங்கே ஃபைபர் இணைய வயர் வாசல்வரை வந்திருக்கும், இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்தாலே டவர் தெரியும். பொகவந்தலாவையிலோ பூண்டுலோயாவிலோ நிலைமை வேறு. ஒரே தோட்டத்தில் மேட்டு லயத்தில், அதாவது மேட்டிலிருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளில், சிக்னல் நாலு கோடு காட்டும், ஆற்றோரத்து லயத்தில் பேசுவதற்கே வாசலுக்கு வர வேண்டியிருக்கும். ஹட்டனுக்கு எது நல்லது, பண்டாரவளைக்கு எது நல்லது என்று ஊர்வாரியாகப் பதில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். பதில் வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் வீட்டுக்கான பதிலை நீங்களே கண்டுபிடிக்கும் வகையில், எதை எதைப் பார்க்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டுக்குள் இணையம் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது. பகல் பதினொரு மணி வேகம் எதற்கும் உதவாது. எல்லோரும் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரே டவரை ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கும் நேரம் இரவு ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில்தான். சீரியல் நேரமும் அதுதான். நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி சாதாரண எச்.டி. படத்துக்கு விநாடிக்கு 3 மெகாபிட், முழு எச்.டி.க்கு 5, 4கே படத்துக்கு 15 வேண்டும். நம் வீடுகளுக்கு இரவு எட்டு மணிக்கு 3 மெகாபிட் தொடர்ந்து கிடைத்தால் போதும். ஒரு நிமிடம் 10 வந்து அடுத்த நிமிடம் அரையாக இறங்குகிற இணைப்பைவிட, ஆடாமல் 3 வருவது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, மாதச் செலவு மொத்தமாக எவ்வளவு. ஸ்டிக்கின் விலையை மட்டும் பார்த்துவிட்டு "ஒரு தடவைச் செலவுதானே" என்று முடிவெடுப்பவர்கள் அதிகம். டேட்டா, செயலிகளின் சந்தா, வரி எல்லாவற்றையும் கூட்டுங்கள். வந்த தொகை தோட்டக் கணக்கில் எத்தனை பேருக்குச் சமம் என்று பாருங்கள், ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். இரண்டு பேர் என்றால் யோசிக்கலாம். நாலு பேர், ஐந்து பேர் என்று போனால் அது வீட்டுச் சாமானில் கைவைக்கிற செலவு.

மூன்றாவது, வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள். அம்மாவுக்குச் சன் டீவி சீரியல், அப்பாவுக்கு இரவுச் செய்தி, தம்பிக்குக் கிரிக்கெட், சின்னதுக்குக் கார்ட்டூன். இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்குமா, நாலு இடத்தில் தேட வேண்டுமா?

நாலாவது, ரிமோட் யார் கையில் இருக்கிறது. பகல் முழுக்க வீட்டிலிருப்பது பாட்டியும் பேரப்பிள்ளையும் என்றால் இது சின்ன விஷயமே இல்லை.

ஐந்தாவது மழை, இடி, கரண்ட். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழை. பதுளை, மடுல்சீமைப் பக்கம் வருடக் கடைசியில் வடகீழ் மழை. இரண்டுக்கும் இடையில் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்து இடி. எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைத் தாண்டித்தான் டீவி ஓட வேண்டும்.

## கட்டண டிஷ்

மலையகத்தில் அதிகமான கூரைகளில் இருப்பது இதுதான், பெரும்பாலும் டயலொக் டெலிவிஷன். இதன் பெரிய பலம், டவர் எங்கே இருக்கிறது என்ற கவலையே இல்லாதது. டிஷ் மேற்குப் பக்கம் பார்த்து, வானத்தின் பாதி உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளைப் பிடிக்கிறது. அந்தத் திசையில் உயரமான யூகலிப்டஸோ மலைச்சுவரோ மறைக்காவிட்டால், எவ்வளவு ஆழமான பள்ளத்திலும் படம் வரும். கைபேசியில் பேசக்கூட முடியாத லயத்தில் டிஷ் கண்ணாடி மாதிரி ஓடுவது இதனால்தான். எவ்வளவு நேரம் பார்த்தாலும் செலவு கூடாது என்பதையும் மறக்கக் கூடாது. காலையிலிருந்து இரவுவரை ஓடவிட்டாலும் அதே ரீலோட்தான்.

பலவீனம் மழை. டிஷ்ஷுக்கு வரும் அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ் அளவிலானது. அந்த அலையைத் தடித்த மழைத்துளிகள் உறிஞ்சிவிடும். கொட்டு மழையில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடுவது அதனால்தான். மழை குறைந்ததும் தானாக வந்துவிடும், டிஷ்ஷை ஆட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நுவரெலியாப் பக்கம் பனிமூட்டத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. மூட்டம் இந்த அலையைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மூட்டமான நாளில் படம் போனால், டிஷ்ஷின் முகப்பில் கேபிள் சேரும் இடத்தில் ஈரம் இறங்கிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான். காற்றில் டிஷ் ஒரு விரலளவு திரும்பினாலே சிக்னல் போய்விடும். டவுனிலிருந்து ஆள் வர வேண்டும், வருகிறவருக்குத் தோட்டத்துக்குள் ஆட்டோக் கூலி வேறு. இரண்டாவது டீவி வைத்தால் இரண்டாவது பெட்டி. பிடித்த ஒரு சேனல் பெரிய பேக்கேஜில் மட்டும் இருந்தால், அந்த ஒன்றுக்காக மாதா மாதம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். இடி நேரத்தில் கூரையிலிருந்து வரும் கேபிள் வழியாகப் பெட்டியும் டீவியும் சேர்ந்து எரிந்த வீடுகள் உண்டு. பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது, டிஷ் கேபிளையும் பெட்டியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும்.

சிக்னல் இல்லாத இடத்துக்கு, வயதானவர்கள் பகலெல்லாம் பார்க்கும் வீட்டுக்கு, இந்தியச் சேனல்களில் நாளுக்கு மூன்று நாலு சீரியல் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி. ப்ரீபெய்ட்டாக எடுத்தால் கை இறுகும் மாதத்தில் நிறுத்தி வைக்கவும் முடியும்.

## பியோ டீவி

ஸ்ரீலங்கா டெலிகொம் 2008 முதல் நடத்துவது. டிஷ் இல்லை, தொலைபேசி வயரிலோ ஃபைபரிலோ வருகிறது. மழைக்குப் படம் உடையாது, ஓடி முடிந்த நிகழ்ச்சியைத் திரும்பப் பார்க்கலாம், ரிமோட்டும் பழைய மாதிரி எண் போட்டு மாற்றும் ரிமோட்தான். டவுனிலும் பிரதான வீதியோரத்திலும் இருக்கும் வீட்டுக்கு இதை முதலில் விசாரியுங்கள் என்று துணிந்து சொல்வேன்.

தோட்டத்துக்குள்தான் கதை மாறுகிறது. ஃபைபர் பெரும்பாலும் பிரதான வீதியோடு நிற்கிறது. தோட்டத்து ரோட்டில் இறங்கி, தேயிலை மலையைத் தாண்டி லயத்துக்கு வருவதற்கு எத்தனை கம்பம் நட வேண்டும்! லயத்து வீடுகளுக்குத் தனி முகவரியும் காணி உறுதியும் இல்லாததால் விண்ணப்பமும் இழுபடும். பழைய செம்பு வயர் மட்டும் இருக்கும் இடத்தில், மரம் விழுந்தாலோ இடி இறங்கினாலோ இணைப்பு நாள்கணக்கில் கிடக்கக் கூடும். வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் இருந்தால் மட்டும் எடுங்கள்.

## ஸ்டிக் அல்லது பெட்டி, அதனோடு இணையம்

இனி எல்லோரும் கேட்கும் விஷயத்துக்கு வருவோம். அமேசனின் ஃபயர் டிவி ஸ்டிக், ஷயோமியின் டிவி ஸ்டிக், கூகுள் டிவி பெட்டிகள் எல்லாம் செய்யும் வேலை ஒன்றுதான். எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால், வை-ஃபை வழியாக யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற செயலிகளைப் பெரிய திரையில் காட்டும். கூகுளின் பழைய குரோம்காஸ்ட் உற்பத்தி 2024 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டது. கடையில் இன்னும் கிடைத்தால் மலிவுக்கு மட்டும் வாங்கலாம், புதுசு என்ற விலை கொடுக்க வேண்டாம்.

ஸ்டிக்கை வாங்குவது சுலபம். அதற்குத் தீனி போடுவதுதான் கஷ்டம். நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் கணக்கை எடுத்துக்கொள்வோம். குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜீபி, நடுத்தரத்தில் 0.7, எச்.டி.யில் 3 ஜீபிவரை, 4கேயில் 7 ஜீபிவரை போகும். ஒரு வீட்டில் நாளுக்கு நாலு மணிநேரம் டீவி ஓடினால் மாதம் 120 மணிநேரம். குறைந்த தரத்தில் 36 ஜீபி, நடுத்தரத்தில் 84 ஜீபி, எச்.டி.யில் 360 ஜீபி. நாலு மணிநேரம் என்பது நம் வீடுகளுக்குக் குறைந்த கணக்கு. உங்கள் பேக்கேஜில் எவ்வளவு இருக்கிறது, அதில் நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கக்கூடிய இரவு நேர டேட்டா எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாக எழுதியிருக்கும் எண் இரண்டையும் கூட்டிய எண்ணாக இருக்கலாம். காலை ஆறு மணிக்கு மலைக்குப் போகிறவர் நள்ளிரவு டேட்டாவை வைத்து என்ன செய்வார்?

ஸ்டிக்கும் செயலிகளும் தானாகவே உயர்ந்த தரத்தை எடுக்கப் பார்க்கும். வாங்கிய அன்றே இதைக் கட்டிப்போட வேண்டும். நெட்ஃப்ளிக்ஸில் கணக்குக்குள் போய், உங்கள் புரொஃபைலின் பிளேபேக் அமைப்பில் 'மீடியம்' என்று மாற்றுங்கள். டீவியின் யூடியூபில் படம் ஓடும்போது பற்சக்கரக் குறியை அழுத்தி 480 என்று வைக்கலாம். 32 அங்குலத் திரையில், பாயில் உட்கார்ந்து பார்க்கும் தூரத்தில், சீரியலுக்கும் செய்திக்கும் 480 தாராளம்.

அடுத்தது சிக்னல். கைபேசியில் நன்றாக வருகிறதே, ரவுட்டரிலும் வரும்தானே என்று நினைக்கிறோம். அப்படி இருக்க வேண்டியதில்லை. கைபேசிகள் 900, 1800 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளையும் பிடிக்கும். வீட்டுக்குக் கொடுக்கப்படும் 4ஜீ ரவுட்டர்கள் பல, 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசையில் ஓடுகின்றன. அலைவரிசை உயர உயர, மலை முகட்டைத் தாண்டி இறங்குவதும் சுவரைத் துளைப்பதும் குறையும். அதற்கு மேல் நம் தகரக் கூரை. லயத்துக் காம்பராவின் உள்ளறையில் ரவுட்டரை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். டவர் இருக்கும் பக்கத்து ஜன்னல் விளிம்பில், சாரல் அடிக்காதபடி வைத்து, அங்கிருந்து வை-ஃபையை உள்ளே கொண்டுபோவதே வழி. சில ரவுட்டர்களின் பின்னால் வெளி அன்டெனாவுக்குத் துளை இருக்கும். பள்ளத்து வீட்டுக்கு ரவுட்டர் வாங்கும்போது அந்தத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, எதைப் பார்க்கப் போகிறீர்கள்? யூடியூபில் மட்டும் நிறைய இருக்கிறது. புதிய தலைமுறை, தந்தி டீவி, பொலிமர் போன்ற தமிழகச் செய்திச் சேனல்கள் அங்கே நேரலையாகவே ஓடுகின்றன, காசில்லை. நம் நாட்டுத் தமிழ்ச் சேனல்களின் செய்திகளும் நிகழ்ச்சிகளும் யூடியூபில் ஏறுகின்றன. சீரியல்கள்தான் சிதறிக் கிடக்கின்றன. சன் டீவித் தொடர்கள் சன் நெக்ஸ்டில், ஜீ தமிழ்த் தொடர்கள் ஜீ5இல், விஜய் டீவித் தொடர்கள் ஜியோஹொட்ஸ்டாரில். இதில் ஜியோஹொட்ஸ்டார் இந்தியாவில் இருப்பவர்களை மனதில் வைத்து நடத்தப்படுவது. அம்மா மூன்று சேனலில் மூன்று சீரியல் பார்க்கிறவர் என்றால், மூன்று சந்தா கட்டியும் ஒன்று கிடைக்காமல் போகலாம். ஸ்டிக் வாங்குவதற்கு முன்னால், வீட்டில் பார்க்கும் நிகழ்ச்சிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தச் செயலியில், இலங்கையில் கிடைக்கிறதா என்று கைபேசியிலேயே தேடிப் பாருங்கள். கிரிக்கெட்டுக்கும் அப்படியே, ஒளிபரப்பு உரிமை தொடருக்குத் தொடர் கைமாறுகிறது.

செயலிகளின் சந்தாவுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதியுள்ள வங்கி அட்டை வேண்டும். டொலரில் கட்டும் சந்தா, ரூபாய் இறங்கும்போது சொல்லாமலே ஏறும். அட்டை இல்லாதவர்கள் டவுனில் யாரிடமாவது கொடுத்துக் கட்டச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவர் கையில் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டியூப் டீவி வைத்திருப்பவர்களுக்கு எச்.டி.எம்.ஐ. துளை இருக்காது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் செருகும் துளைதான். இடையில் ஒரு மாற்றுப் பெட்டி வாங்கிப் போட்டால் படம் வரும், ஆனால் எழுத்துகள் மங்கலாகத்தான் தெரியும். இன்னொன்று, ஸ்டிக்குக்கான கரண்ட்டை டீவியின் யூ.எஸ்.பி. துளையிலிருந்து எடுக்காதீர்கள். பல டீவிகளில் அது போதாது. ஸ்டிக் பாதியில் அணைந்து அணைந்து எரியும், பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். கூட வரும் சார்ஜரையே சுவரில் செருகுங்கள்.

ரிமோட்டில் எண்களே இல்லை என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள். பாட்டி இத்தனை காலமும் இரண்டு எண்ணை அழுத்தினால் சேனல் வந்தது. இப்போது அம்புக்குறியை வலப்பக்கம் மூன்று தடவை, கீழே ஒரு தடவை, நடுவில் ஒரு அழுத்து, அப்புறம் 'யார் பார்க்கிறீர்கள்' என்று கேட்கும் திரை. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு டீவி அணைந்தே கிடக்கும் வீடுகள் இப்படித்தான் உண்டாகின்றன. பகலில் அவருக்கிருக்கும் ஒரே பேச்சுத்துணையை எடுத்துவிட்டு மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது சரியென்று எனக்குப் படவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ஒன்று இருக்கிறது. பாடசாலைகள் மூடிக் கிடந்த 2020, 2021 காலத்தில் ஊவா மலைகளில் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்காகப் பாறைமேல் ஏறி சிக்னல் தேடியது நாடெங்கும் செய்தியானது. அதற்குப் பிறகுதான் பல குடும்பங்கள் கஷ்டப்பட்டாவது ரவுட்டர் எடுத்தன. அந்த டேட்டா படிப்புக்காக வந்தது. அதே ரவுட்டரில் டீவியையும் கோர்த்துவிட்டால், இருபதாம் தேதிக்கு முன்னாலேயே டேட்டா முடிந்துவிடும். சாதாரண தரமோ உயர்தரமோ எழுதப்போகும் பிள்ளை மீதி நாள்களுக்கு வகுப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும். டீவிக்கென்று தனியாக டேட்டா எடுக்க வசதி இருந்தால் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள்.

யாருக்கு இது பொருந்தும்? வீட்டுக்கு ஃபைபரோ நிலையான 4ஜீயோ உண்டு, அதுவும் வரம்பில்லாத அல்லது பெரிய பேக்கேஜ், பார்ப்பது பெரும்பாலும் யூடியூபும் படங்களும், வீட்டில் இளையவர்களே அதிகம் என்றால் டிஷ்ஷுக்கு இனி காசு கட்ட வேண்டியதில்லை. தயங்காமல் மாறலாம். வேலைக்குப் போய் இரவு மட்டும் இரண்டு மணிநேரம் பார்க்கும் இளம் தம்பதிக்கு இதைவிட நல்ல வழியில்லை.

2025 ஜூலையில் செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்துவிட்டதே என்பார்கள். டவரே எட்டாத இடத்துக்கு அது உண்மையில் பெரிய விஷயம். ஆனால் கருவியின் விலையும் மாதக் கட்டணமும் ஒரு தோட்டத்துக் குடும்பம் டீவிக்காகத் தாங்கக் கூடியவை அல்ல. ஹோம்ஸ்டே, கடை, டியூஷன் நிலையம் என்று தொழிலுக்கு எடுத்தால் டீவியையும் அதில் ஓட்டிக்கொள்ளலாம்.

## அன்டெனா

இதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோதே அதன் பிரதான ஒளிபரப்பு நிலையம் 2,524 மீட்டர் உயரமான பிதுருதலாகலை உச்சியில்தான் வைக்கப்பட்டது. நாட்டுக்கே அலை நம் மலையிலிருந்து போகிறது. உச்சிக்கும் உங்கள் கூரைக்கும் நடுவில் மலை மறைக்காவிட்டால் ஓர் அலுமினிய அன்டெனா போதும், மாதக் கட்டணம் கிடையாது. நேத்ரா, வசந்தம், சக்தி என்று தமிழிலும் இலவசச் சேனல்கள் இருக்கின்றன. எல்லாமே எல்லா இடத்திலும் எடுக்காது. பக்கத்து வீட்டு அன்டெனாவில் என்னென்ன வருகிறது என்று போய்ப் பார்ப்பதே சரியான சோதனை.

படம் கொஞ்சம் புள்ளியடிக்கும், இந்தியச் சீரியல் இல்லை. அதை ஏற்றுக்கொள்ள முடிந்தால், உள்ளூர்ச் செய்தி டேட்டா இல்லாமல் வீட்டுக்கு வருவது பெரிய பலம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மண்சரிவுகளைக் கொண்டுவந்தபோது மலையகத்தின் பல இடங்களில் கரண்டும் தொலைபேசியும் சேர்ந்து போயின. அப்படியான நேரத்தில் தமிழகச் செய்திச் சேனல் நமக்கு உதவாது. எந்தப் பாதை மூடியிருக்கிறது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எந்தப் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறது என்பது நம் நாட்டுச் செய்தியில்தான் வரும். நீங்கள் எந்த வழிக்குப் போனாலும் அன்டெனாவைக் கழற்றாதீர்கள் என்பது என் வேண்டுகோள். பற்றரியில் ஓடும் ஒரு ரேடியோவும் வீட்டில் இருக்கட்டும், கரண்ட் போனால் டீவியில் எதுவுமே வராது.

## இந்திய டிஷ், 'ஆயிரம் சேனல்' பெட்டி

இந்தியாவில் இருப்பவர்களுக்கு விற்கும் டிஷ் இணைப்புகள் இங்கே பல கூரைகளில் இருக்கின்றன. அங்கே யாரோ ஒருவர் பெயரில் இணைப்பு, இங்கே ஒருவர் ரீசார்ஜ். அந்த ஆள் தொலைபேசியை எடுக்காவிட்டால் உங்கள் காசுக்குக் கேள்வி கேட்க இடமில்லை. இந்திய அரசின் டீடீ ஃப்ரீ டிஷ் மட்டும் சந்தா இல்லாதது. டீடீ தமிழ் போன்றவை அதில் வரும், பிரபலமான சீரியல் சேனல்களை எதிர்பார்க்க வேண்டாம்.

பெயர் தெரியாத அன்ட்ரொயிட் பெட்டியும் 'மாதம் சில நூறு ரூபாய்க்கு எல்லாச் சேனலும்' என்ற லிங்க்கும் வேண்டவே வேண்டாம். திருட்டு ஒளிபரப்பு எந்த இரவிலும் இருண்டு போகும். பெட்டியே ஆபத்தாகவும் இருக்கலாம். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., இப்படியான மலிவுப் பெட்டிகளில் 'பேட்பொக்ஸ் 2.0' என்ற தீய மென்பொருள் பரவியிருப்பதாக எச்சரித்தது. பெட்டி வீட்டு வை-ஃபைக்குள் உட்கார்ந்துகொண்டு உங்கள் இணைப்பை வேறு யாருக்கோ பாவிக்கக் கொடுக்கும். அதே வை-ஃபையில்தான் உங்கள் வங்கிச் செயலியும் இருக்கிறது. மேலும் சான்றிதழ் இல்லாத பெட்டியில் நெட்ஃப்ளிக்ஸ் எச்.டி.யில் ஓடாது.

## ஒரே பார்வையில்

| | கட்டண டிஷ் | பியோ டீவி | ஸ்டிக் + இணையம் | அன்டெனா |
|---|---|---|---|---|
| பள்ளத்து லயத்தில் | வானம் திறந்திருந்தால் வரும் | வயர் வந்திருந்தால் மட்டும் | பெரும்பாலும் சிரமம் | மலை மறைத்தால் வராது |
| கொட்டு மழையில் | சிறிது நேரம் நிற்கும் | ஓடும் | பெரும்பாலும் ஓடும் | ஓடும் |
| அதிக நேரம் பார்த்தால் | செலவு கூடாது | செலவு கூடாது | டேட்டா கரையும் | செலவே இல்லை |
| தமிழகச் சீரியல் | ஒரே இடத்தில் | ஒரே இடத்தில் | செயலிகளில் சிதறி | இல்லை |
| உள்ளூர்த் தமிழ்ச் செய்தி | உண்டு | உண்டு | யூடியூபில் | உண்டு |
| பெரியவர்களுக்கு | சுலபம் | சுலபம் | பழக வேண்டும் | மிகச் சுலபம் |
| மறைந்த செலவு | திருத்த வரும் ஆள், இரண்டாவது பெட்டி | இணைப்பு எடுக்கும் அலைச்சல் | டேட்டா, டொலர் சந்தா | அன்டெனா, கம்பம் மட்டும் |

## இரண்டையும் வைத்துக்கொள்வது

பெரும்பாலான தோட்டத்து வீடுகளுக்கு என் பரிந்துரை, டிஷ்ஷை மலிவான பேக்கேஜுக்கு இறக்குவதுதான். வீட்டில் பார்க்கும் நாலைந்து சேனல் எந்தச் சின்ன பேக்கேஜில் அடங்கும் என்று கேட்டு அதற்கு மாறுங்கள். மிச்சமாகும் காசில் ஒரு நல்ல ஸ்டிக் வாங்கலாம், வாரக் கடைசியில் ஒரு படம், பிள்ளைகளுக்கு யூடியூபில் பாடம் என்று அளவாகப் பாவிக்கலாம். கைபேசியின் ஹொட்ஸ்பொட்டே அதற்குப் போதும். தனி ரவுட்டர் எடுப்பதைப் பிறகு யோசிக்கலாம்.

## மாறுவதற்கு முன்னால்

ஸ்டிக்கைக் கடனாகவாவது ஒரு வாரம் வாங்கிப் போட்டுப் பாருங்கள். சொந்தக்காரர் யாரிடமாவது இருக்கும். இரவு எட்டு மணிக்கு, வீட்டில் எல்லோரும் கைபேசியோடு இருக்கும்போது, ஒரு மணிநேரப் படத்தை இடையில் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். வட்டம் சுற்றிக்கொண்டு நிற்பது இரண்டு மூன்று தடவைக்கு மேல் போனால் அந்த இணைப்பு டீவிக்கு ஆகாது. ஓட ஆரம்பிக்கும் முன்னும் முடிந்த பின்னும் டேட்டா மீதியைக் குறித்து வைத்தால், உங்கள் வீட்டுக்கான மாதக் கணக்கு கையில் வந்துவிடும். புதிதாக ரவுட்டர் எடுப்பதாக இருந்தால், கடையில் காசு கட்டும் முன்னால் அதே நிறுவனத்தின் ரவுட்டர் உங்கள் லயத்தில் யாரிடமாவது இருக்கிறதா, இரவில் எப்படி என்று கேளுங்கள். யாரிடமும் இல்லையென்றால், வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

டிஷ்ஷை நிறுத்துவதென்று முடிவு செய்தாலும் உடனே கழற்றி விற்க வேண்டாம். போஸ்ட்பெய்ட் என்றால் ஒப்பந்தக் காலம் முடிந்ததா, பெட்டி உங்களுடையதா நிறுவனத்துடையதா என்று முதலில் விசாரியுங்கள். ப்ரீபெய்ட் என்றால் ரீலோட் போடாமல் விட்டாலே போதும். டிஷ் திரும்பாமல் கூரையிலேயே நிற்கட்டும். உங்கள் பக்கத்து மழைக்காலம் ஒன்று முழுதாகக் கழிந்து, பிள்ளைகளின் படிப்புக்கும் டேட்டா மிஞ்சி, பாட்டியும் புது ரிமோட்டோடு பழகிவிட்டார் என்றால் அப்போது கழற்றலாம்.